பீடோங் கள்ளிக்கடையில் வாங்கிய குக்கில் செடி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து செமெலிங் போகும் சாலையில், ஒட்டுப்பால் வாங்கும் கடையைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு செம்மண் பாதை பிரிகிறது. அந்தப் பாதை முடியும் இடத்தில், பால்மரக் (ரப்பர் மரக்) கட்டைகளைத் தூணாக நட்டு, பச்சை வலை கட்டி, பாதிக்குத் தகரமும் பாதிக்கு வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடும் வேய்ந்த ஒரு கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் எல்லோரும் கள்ளிக்கடை என்கிறார்கள். கள்ளி, கற்றாழை, பிரண்டை, பாலைவன ரோஜா என்று தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளை மட்டுமே விற்கும் கடை அது. அங்கே 2023 ஜனவரியில், குங்கிலியப் பிசின் தரும் குக்கில் செடி ஒன்று வாங்கினேன். அதே ஆண்டில் அவர்களையே வரச் சொல்லி வீட்டு முன்புறத்தில் ஒரு சிறிய நீர்ச் சிக்கனத் தோட்டமும் போட்டுக்கொண்டேன். இரண்டரை ஆண்டு வைத்துப் பார்த்தபிறகு இதை எழுதுகிறேன்.

முதல் முறை போனபோது கடைக்காரர் செடியைத் தரவில்லை. அது நவம்பர் மாதம். விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. குக்கில் வேண்டும் என்று கேட்டேன். "வீட்டில் மழை விழாத இடம் இருக்கிறதா அக்கா? ஆனால் அந்த இடத்தில் நாலு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும்" என்றார். அப்படி ஒரு இடம் இல்லை என்றேன். "அப்படியானால் முதலில் அந்த இடத்தைச் செய்துவிட்டு வாருங்கள். மழைக்காலம் முடியட்டும். செடி எங்கேயும் போய்விடாது" என்று சொல்லிவிட்டு, வேறொருவருக்குக் கற்றாழை கட்டிக்கொடுக்கப் போய்விட்டார். கையில் பணத்தோடு போன எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தக் கோபம் மரியாதையாக மாறியது.

ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டில் எனக்கு வேறொரு அனுபவம் இருந்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'அபூர்வ பாலைவனச் செடி' என்று 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். தேங்காய் நார்த்தூளில் கழுத்துவரை புதைத்து, ஈரம் சொட்டச் சொட்ட அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வாரம் அடித்தண்டை விரலால் அழுத்தினேன். கனிந்த வாழைப்பழம்போல அமுங்கியது. செய்தி அனுப்பினேன், படம் அனுப்பினேன், பதில் வரவில்லை. ஒரு செடி எப்படிச் சாகும் என்று தெரிந்துகொண்டு விற்பவருக்கும், தெரியாமல் விற்பவருக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குப் புரிந்தது.

குக்கில் என்ற பெயர் நம்மில் பலருக்கும் பழக்கம் இருக்காது. நாட்டு மருந்துக் கடையில் மைசாட்சி என்றோ எருமைக்கண் குங்கிலியம் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். குங்கிலியம் என்ற ஒரே பெயரில் பல மரங்களின் பிசின் விற்பனையாகிறது. அவற்றில் இது ஒரு புதரின் பிசின். ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் சிந்து, பலுசிஸ்தான் வறண்ட நிலங்களிலும் பாறைச் சரிவுகளில் தானாக வளர்கிறது. ஆள் உயரம் இருக்கும். நன்றாக வளர்ந்தால் இரண்டு ஆள் உயரம். கிளைகள் முறுக்கிக்கொண்டு போய் முள்ளாக முடியும். ஆண்டின் பெரும்பகுதி இலையே இருக்காது. தாவரவியலில் இதற்குக் கொமிபோரா வைட்டியை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் வேலை செய்த இராபர்ட் வைட் என்பவரின் பெயர்தான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இந்தச் செடிமேல் ஆசை வந்த கதை வேறு. என் பாட்டி காங்கேயம் பக்கத்திலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருந்த கிளுவை வேலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவைப் போத்தை (கிளைத் துண்டை) வெட்டி நட்டுவிட்டால் போதுமாம்; தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அதுவே வேர் பிடித்து வேலியாகிவிடும், மாடு தாண்டாது. அந்தக் கிளுவையும் இந்தக் குக்கிலும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுக்காரச் செடிகள் என்பதைக் கள்ளிக்கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். தழையைக் கசக்கி முகரக் கொடுத்தார். பாட்டி சொன்ன வாசனை இதுதானா என்று கேட்க இப்போது யாரும் இல்லை.

அம்மாவுக்குக் குங்கிலியம் என்றால் குங்கிலியக் கலய நாயனார்தான். வீட்டில் அரிசி இல்லாத நாளில் மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்க, அதைக் கொண்டுபோய் நெல் வாங்காமல் குங்கிலியம் வாங்கிக் கோயிலில் புகை போட்ட அடியவர். வெள்ளிக்கிழமை தூபக்காலில் கங்கு போடும்போதெல்லாம் இந்தக் கதை வரும். அந்த மனைவியின் பசியை நினைத்து எனக்குச் சிறுவயதில் அழுகை வரும்.

சரி, கடைக்குத் திரும்புகிறேன். வீட்டுப் பக்கவாட்டில், காலையில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வெயில் விழும் இடத்தில், என் மகன் நான்கடி அகலத்துக்கு ஒளி விடும் தகடு போட்டுக் கொடுத்தான். படம் எடுத்துக்கொண்டு ஜனவரியில் மறுபடி போனேன். இம்முறை கடைக்காரத் தம்பி உட்காரச் சொல்லி, கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போய்த் தாய்ச்செடியைக் காட்டினார். நான் கேட்க நினைத்திருந்த கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்தது. காட்டிலிருந்து பிடுங்கிய செடியாக இருந்தால் எனக்கு வேண்டாம் என்ற முடிவோடுதான் போயிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செடி வளர்ப்பாளரிடமிருந்து இறக்குமதி அனுமதியோடும் தாவரச் சுகாதாரச் சான்றிதழோடும் வாங்கிய ஒரே செடி அது. காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். விற்பதெல்லாம் அதிலிருந்து எடுத்து வேர் பிடிக்க வைத்த போத்துகள். விதை முளைப்பது மிகவும் குறைவு என்பதால் குக்கிலைப் போத்து வைத்துத்தான் பெருக்குகிறார்கள்.

நான் ஏன் அந்தக் காகிதத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டேன் என்றால், இந்தச் செடி அதன் சொந்த மண்ணிலேயே அழிந்துகொண்டிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான அபாயத்தில் இருக்கும் இனங்களின் வரிசையில் இது இருக்கிறது. விறகுக்கு வெட்டினார்கள், சுரங்கத்துக்கும் விவசாயத்துக்கும் நிலம் போனது, ஆடுமாடு கடித்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், பிசினுக்காகப் பட்டையைக் கண்டபடி கீறியது. ஆழமாகக் கீறி, காயத்தில் மருந்து வைத்தால் பிசின் ஒரேயடியாகக் கொட்டும். பிறகு செடி செத்துப்போகும்.

இதை அவர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பதினேழு வயதிலிருந்து பால்மரம் சீவியவள். விடியுமுன் அம்மாவோடு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் போனவள். உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அம்மா என் கையைப் பிடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார். பட்டைக்குள்ளே பால் ஓடும் குழாய்கள் பெரும்பாலும் கட்டையை ஒட்டி நிற்கும். அதனால் ஆழமாகப் போகப் போகப் பால் கூடும். ஆனால் கட்டைக்கும் பட்டைக்கும் இடையில் ஒரு நூல் கனம் விட்டுவிட வேண்டும். அந்த நூலைத் தாண்டி உளி கட்டையில் பட்டுவிட்டால் காயம். காயம் ஆறினாலும் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மறுபடி அந்தப் பக்கம் சீவ முடியாது. ஒரு மரத்தில் மூன்று காயம் இருந்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்த நிரைக்காரியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் திட்டுவார். நானும் திட்டு வாங்கி அழுதிருக்கிறேன்.

பால் குறைந்த பழைய மரங்களுக்குப் பட்டையில் மருந்து பூசுவார்கள். எத்தெபான் என்ற மருந்து. பூசினால் பால் பிடிக்கும் மங்கு நிறையும். அதையும் அளவோடுதான் பூச வேண்டும், ஓய்வு கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பட்டை காய்ந்து மரம் பாலே தராது. குக்கில் செடியிலும் இதே எத்தெபானை வைத்துப் பிசின் கூட்டும் வழியை ராஜஸ்தானில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று கேட்டபோது, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், கண்ணால் பார்க்காத ஒரு பாலைவனத்தில், என்னைப்போலவே கையில் கத்தியோடு நிற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் அந்த நூல் கனம் தெரிந்திருக்கும். கூலி கூடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எங்களுக்காவது மரம் தோட்டத்துக்காரனுடையது, செத்தால் அவன் புதிதாக நடுவான். காட்டில் நிற்கும் புதருக்கு யார் நடுவது?

நான் வாங்கிய போத்து 22 சென்டிமீட்டர் உயரம், சுண்டுவிரல் பருமன், மூன்று இலை. விலை 85 வெள்ளி. விலை கூடுதல்தான். ஆனால் அதோடு கிடைத்த அரை மணி நேரப் பாடத்தைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் குறை இல்லை. மூன்று விஷயம் சொன்னார்: மண்சட்டி தவிர வேறெதிலும் வைக்காதே, சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதே, சத்தேக் குச்சியைக் கேட்காமல் தண்ணீர் ஊற்றாதே.

சத்தேக் குச்சி விவரம் பலருக்கும் பயன்படும், அதனால் விரிவாகச் சொல்கிறேன். இறைச்சி குத்தும் அதே மூங்கில் குச்சியைச் சட்டியின் ஓரமாக, வேரில் படாமல், அடிவரை இறக்கி வைத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றலாமா என்ற சந்தேகம் வந்தால் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். நுனி கறுத்து மண் ஒட்டியிருந்தால் வேண்டாம். நிறம் வெளுத்து, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி இல்லாமல் இருந்தால், அதற்குப் பிறகும் மூன்று நாள் பொறுத்து ஊற்ற வேண்டும். மேல் மண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. மேலே சாம்பல்போலக் காய்ந்திருக்கும், அடியில் சகதியாக இருக்கும். இணையத்தில் வாங்கிய செடி அப்படித்தான் போனது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நீர்ச் சிக்கனத் தோட்டம் என்றால் தண்ணீர் இல்லாத ஊருக்கு உரியது என்று நினைக்கிறோம். கெடாவில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. குக்கில் பிறந்த நிலத்தில் பல இடங்களில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆக நம் ஊரில் இந்தச் செடிக்கு வெயில் எதிரி இல்லை, மழைதான் எதிரி. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை வடக்கே நமக்கு ஒரு வறட்சி இருக்கிறது அல்லவா? ஜெராய் மலையே மங்கலாகத் தெரியும், புல் எல்லாம் காவி நிறமாகும். அந்த மூன்று மாதம்தான் என் தோட்டத்துக்குப் பரீட்சை. முன்பு முப்பது சட்டி ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் மாலையில் முக்கால் மணி நேரம் குழாய் பிடித்து நிற்பேன். சென்ற ஆண்டு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மூன்று நாள் குழாயில் தண்ணீர் நின்றபோது, அண்டை வீட்டார் செடிக்கு ஊற்றுவதா குளிப்பதா என்று தவித்தார்கள். என் முன்புறத்தில் ஒரு இலைகூட வாடவில்லை.

அந்த முன்புறம்தான் நான் இந்தக் கடையிலிருந்து எடுத்த இரண்டாவது சேவை. பன்னிரண்டு அடி நீளம், நான்கு அடி அகலம். கூலி, கல், மண், செடி எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. இரண்டு பையன்கள் ஒரு நாள் முழுக்க வேலை செய்தார்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி, அடியில் செங்கல் உடைசல், அதன்மேல் சரளை, அதன்மேல் கலவை மண் போட்டு, பிரண்டை, சோற்றுக் கற்றாழை, நான்கு பாலைவன ரோஜா, ஓரத்தில் கள்ளி நட்டார்கள். கையும் காலும் சுத்தம். பசியாற ரொட்டி வாங்கிக் கொடுத்தபோது, வேலை முடித்துவிட்டு வருகிறோம் அம்மா என்று சொல்லி, சொன்னபடியே முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஆனால் தவறு நடந்தது. மேட்டின் சரிவைச் சாலைப் பக்கம் விடாமல் வீட்டுச் சுவர்ப்பக்கம் விட்டுவிட்டார்கள். செப்டம்பரில் முதல் பெரிய மழை இரவெல்லாம் பெய்தது. விடிந்து பார்த்தால் சுவரோரம் கணுக்கால் அளவு தண்ணீர், வீட்டுக்குள் வரவேற்பறை ஓரத்தில் ஈரம். இரண்டு பாலைவன ரோஜா அந்த வாரமே அழுகின. தொலைபேசியில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரே மண்வெட்டியோடு வந்தார். பேச்சுக் கொடுக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. தண்ணீர் மட்டக் குழாயைப் பிடித்து அளந்து, பாதி மேட்டைக் கலைத்து மறுபடி கட்டினார். சுவரோரமாக ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிச் சரளை நிரப்பினார். அதற்குக் காசு வாங்கவில்லை. அழுகிய இரண்டு செடிக்கு ஒன்றுதான் மாற்றிக் கொடுத்தார். இரண்டும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், அதை அவரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது, சுவரோரம் தண்ணீர் தேங்கவில்லை.

கடையில் பத்துக் கிலோ மூட்டையாக விற்கும் கலவை மண்ணிலும் எனக்கு ஒரு குறை உண்டு. சலித்த ஆற்றுமணல், செங்கல் உடைசல், கரித்துண்டு, எரித்த நெல் உமி, கொஞ்சம் மக்கிய மாட்டெரு. வாங்கும்போது கையில் பொலபொலவென்று விழும். ஆனால் உமி கொஞ்சம் அதிகம். கெடாவில் உமிக்குப் பஞ்சமில்லை, மலிவு, அதனால் தாராளமாகப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆறு மாதத்தில் உமி நொறுங்கித் தூளாகி, சட்டியின் அடியில் களிபோலப் படிந்துவிடுகிறது. நான் மண்ணை மறுபடி சலித்து, தூளை நீக்கி, பட்டாணி அளவு செம்புறைக் கல்லை மூன்றில் ஒரு பங்கு கலந்துகொண்டேன். கள்ளிக்கும் கற்றாழைக்கும் கடை மண்ணே போதும். குக்கிலுக்குப் போதாது. இதைச் சொன்னபோது அவர் என் சட்டியை வாங்கி மண்ணைக் கிண்டிப் பார்த்து, "நீங்கள் செய்ததுதான் சரி அக்கா" என்றார்.

2024இல் ஒரு சோதனையும் செய்தேன். இரண்டாவது போத்து வாங்கி, அதை முன்புற மேட்டில், கூரையில்லாத வெட்டவெளியில் நட்டேன். நடுவதற்கு முன்பே அவர் வேண்டாம் என்றார். இவ்வளவு வடிகால் செய்த மேட்டில் பிழைக்குமா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. மார்ச் வரை நன்றாக நின்றது. ஏப்ரல், மே மழையையும் தாங்கியது. அக்டோபரில் தண்டு கறுத்தது. பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் நூலாகக் கையோடு வந்தது. ஆகவே நம் ஊரில் குக்கிலைத் தரையில் நட ஆசைப்படுகிறவர்கள் கூரையையும் சேர்த்து நட வேண்டும். சட்டிதான் நல்லது; மழை சாய்வாக அடித்தால் தூக்கி உள்ளே வைக்கலாம்.

தட்டு வைக்காத விஷயத்தில் இன்னொரு நிம்மதி. ஏடிஸ் கொசுச் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பூச்சட்டித் தட்டைத்தான். என் வீட்டில் இப்போது ஒரு தட்டுகூடக் கிடையாது.

கூரைக்குக் கீழே இருக்கும் முதல் செடி இன்று 41 சென்டிமீட்டர். கட்டைவிரல் பருமன். இரண்டரை ஆண்டுக்கு இது மிகவும் மெதுவான வளர்ச்சி. வேகமாக வளரும் செடி வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது நிறையக் காட்டும். அடித்தண்டில் பட்டை தாள் தாளாக உரிகிறது. வெளித்தாள் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். வெங்காயச் சருகுபோல மெலிசு. காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது அந்தத் தாளுக்குள் வெளிச்சம் தெரியும். அதை உரித்துவிட்டால் உள்ளே பளபளவென்று பச்சை. இலை இல்லாத காலத்தில் அந்தப் பச்சைத் தண்டு உயிரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

போன ஆண்டு ஜூலையில் பேரனின் பந்து பட்டு ஒரு சிறுகிளை பாதி முறிந்தது. முறிந்த இடத்தில் முதலில் பால்போல ஒரு துளி. எனக்கு நெஞ்சு அடைத்தது, ஏனென்றால் அது பால்மரத்துத் துளிபோலவே இருந்தது. அதே வெள்ளை, அதே தயக்கம், பட்டை விளிம்பில் வந்து நின்று பெருத்து உருளும் அதே விதம். மாலைக்குள் மஞ்சளானது. மறுநாள் தேன் நிறம். நான்காம் நாள் நகத்தால் தட்டினால் சத்தம் வந்தது. மிளகு அளவுகூட இல்லாத அந்தப் பிசினை எடுத்து, அம்மாவின் பழைய சுண்ணாம்பு டப்பாவில் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கங்கில் போட்டேன். ஒரு நிமிடம்கூட நிற்காத புகை. கடையில் வாங்கும் சாம்பிராணியின் இனிப்பு அதில் இல்லை. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் மரவாசனை, கடைசியில் எலுமிச்சைத் தோல் உரித்ததுபோல ஒரு வீச்சு. பேரன் பயந்துபோய்க் கதவோரம் நின்றிருந்தான். அவனைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன்.

பிசின் எடுக்கும் அளவுக்குச் செடி முதிர எட்டுப் பத்து ஆண்டு ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எடுக்கப்போகிறீர்களா அக்கா, உங்கள் கைக்குத் தெரியுமே என்று கேட்டார். உளி இன்னும் வீட்டில் இருக்கிறது, தீட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் இந்தச் செடியில் அதை வைக்கமாட்டேன் என்று சொன்னேன். போத்து எடுத்துத் தரலாமா என்று கேட்டேன். தாய்ச்செடி ஒன்றே ஒன்று இருப்பது ஆபத்து, என் செடியும் முதிர்ந்தால் இரண்டு இடத்திலிருந்து போத்து எடுக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். 2028 வாக்கில் முதல் போத்து எடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.

இந்தப் பிப்ரவரியில் செடி எல்லா இலையையும் உதிர்த்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "காசு கொடுத்து வாங்கிய செடி போய்விட்டதே அக்கா" என்று வருத்தப்பட்டார். அவரைச் சாலை முனைக்குக் கூட்டிப்போய், ஜெராய் மலையடிவாரத்தில் மிஞ்சியிருக்கும் பால்மரங்களைக் காட்டினேன். அவையும் அதே வாரத்தில் சருகு உதிர்த்துக் குச்சியாக நின்றன. வறட்சிக்குப் பால்மரம் இலை கொட்டும், மறுபடி துளிர்க்கும். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். திரும்பி வந்து குக்கிலின் தாள்பட்டையை நகத்தால் லேசாக நீக்கி உள்ளே இருந்த பச்சையைக் காட்டினேன். ஏப்ரல் முதல் வாரம் மூன்று மூன்றாக, ஓரத்தில் பல்வெட்டு வைத்த சின்ன இலைகள் வந்தன. எதிர்வீட்டுக்காரரே முதலில் பார்த்துச் சொன்னார்.

கடை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் மட்டும் திறந்திருக்கும். மற்ற நாளில் போய் ஏமாறாதீர்கள், நான் இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறேன். ரொக்கம் கொண்டுபோங்கள். செம்மண் பாதை மழை நாளில் வழுக்கும், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கவனம். பிளாஸ்டிக் பை தருவதில்லை, ஒரு காகிதப் பெட்டி எடுத்துச் செல்லுங்கள். பாலைவன ரோஜா 15 வெள்ளியிலிருந்து இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம், அல்லது பிரண்டையில். தோட்டம் போட அழைத்தால், பையன்கள் கிளம்புமுன் ஒரு வாளித் தண்ணீரை மேட்டில் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குக்கில் ஆண்டுக்கு ஆறேழு போத்துதான் எடுக்கிறார், பெயர் எழுதி வைத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது விலை 95 வெள்ளி. போவதற்கு முன் வீட்டில் வெயில் விழுந்து மழை விழாத இடம் எது என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்.